கொடுத்தால் பிழைக்காத கொடி

லியோன்சியோ உள்ளே நுழைவதைப் பார்த்ததும் ஹார்டுவேர் கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அந்த மாதத்தில் மனிதர் தோட்டச் சாமான் வாங்க வருவது இது எத்தனையாவது தடவை என்று இருவருக்குமே நினைவில்லை. காலமெல்லாம் ஜீப்னி என்ற பயணிகள் வண்டி ஓட்டியவர், ஆணிக்கும் பெயிண்டுக்கும் தவிர வேறெதற்கும் அந்தக் கடைப் படியை மிதித்ததில்லை. "செடிக்கு ஊத்தற தண்ணியில பாதிய எனக்கு ஊத்தியிருந்தா நானும் பூத்திருப்பேன்" என்று பயணிகளிடமெல்லாம் பெண்டாட்டியைக் கேலி செய்துகொண்டு வண்டி ஓட்டியவர். அவர்தான் இப்போது பூவாளிகளுக்கு முன்னால் நின்று, பெண் பார்க்க வந்த மாமனார் மாதிரி ஒவ்வொன்றையும் மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ரொம்ப லேசுண்ணே. ரொம்பத் தண்ணி புடிச்சாலும் கை வலிக்காது" என்றார் கடைக்காரர்.

"உக்காந்துக்கிட்டே ஊத்தலாமா?"

"உக்காந்துக்கிட்டும் ஊத்தலாம், படுத்துக்கிட்டும் ஊத்தலாம். செடி கிட்டத்துல இருந்தா சரி."

அங்கேதான் சிக்கல். செடிகளெல்லாம் வாசலில் இருந்தன. அவர் மனைவி பெலிசா கூடத்தில் இருந்தாள். நடுவில் இருந்தது வெறும் மூன்று படி. அந்த மூன்று படியை அவள் இறங்கி மாதக்கணக்கில் ஆகிறது.

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஊரார் வீட்டு மதில் எல்லாம் ஏறி இறங்கியபோது ஒரு கீறல்கூடப் படாதவள், சொந்த வீட்டுக் குளியலறையில் விழுந்தாள். (மதில் ஏறிய கதை பின்னால் வருகிறது.) அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. எலும்பும் கூடிவிட்டது. டாக்டர் லியோன்சியோவைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்க வேலை முடிஞ்சுது. இனி நடக்கறது அவங்க கையிலதான். இப்ப நடக்கலேன்னா இடுப்பு இறுகிப் போயிரும். அப்புறம் நாற்காலியே கதின்னு ஆயிரும்" என்றார். அதை அப்படியே பெலிசாவிடம் சொன்னபோது அவள் டீவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நடந்து எங்க போகப் போறேன்?" என்றாள்.

 அவளுடைய கோபம் லியோன்சியோவுக்குப் பழக்கம், அழுகையும் பழக்கம். இந்தச் சலிப்பு புதிது. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இராது என்பார்கள். இவள் சும்மா இருந்தாள். காலையில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தால், ஒரு தொடர் முடிந்து இன்னொரு தொடர் தொடங்கி, அதில் வரும் மாமியார் செத்து, உயிரோடு திரும்பி வந்து, ராத்திரிச் சோறு ஆறும்வரை உட்கார்ந்தே இருப்பாள்.

அவளை எழுப்ப வேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. தோட்டத்தைத் தவிர வேறெதற்கும் அவள் எழுந்ததில்லை என்பதால், தோட்டத்துக்கு உபயோகமாக எதையாவது வாங்கிக் கொடுத்தால் எழுந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டார். முதலில் சக்கரம் வைத்த முக்காலி. உட்கார்ந்தபடியே தொட்டிக்குத் தொட்டி நகரலாம். அப்புறம் குனியாமல் களை பிடுங்க நீளப் பிடி வைத்த கொத்து. அப்புறம் ஜப்பான் கத்தரி, ரோஜாத் தண்டை வெண்ணெய் மாதிரி நறுக்கும்.

கத்தரியைக் கையில் வாங்கிக்கொண்டதும் பெலிசா செய்த ஒரே காரியம், ஒரு நாணயத்தை எடுத்து அவர் கையில் திணித்ததுதான். கூரான பொருளைச் சும்மா வாங்கினால் உறவு அறுந்துபோகும், விலைக்கு வாங்கியதாக இருக்க வேண்டும். அந்த ஒரு நாணயத்துக்காக லியோன்சியோ அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தார். என்னை விட்டுவிட அவளுக்கு மனசில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஆனால் கத்தரி கண்ணாடி அலமாரிக்குப் போயிற்று. முக்காலியும் கொத்தும் அதன் பக்கத்தில் சாத்தி வைக்கப்பட்டன. விருந்தாளிக்கென்று எடுத்து வைத்த தட்டுகளோடு அவையும் விருந்தாளி ஆகிவிட்டன. தானம் கொடுத்த மாட்டையும் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவள் பெலிசா. இந்தத் தடவை பார்க்கவில்லை. பார்த்திருந்தாலாவது தேவலை. "ரொம்ப நல்லாருக்கு லியோன், உனக்கு ஏன் சிரமம்" என்று அந்நியரிடம் பேசுவதுபோல மரியாதையாகச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவர் வாங்கி வந்த எதையும் குறை சொல்லாமல் அவள் ஏற்றுக்கொண்டதில்லை. அந்த மரியாதைதான் அவரை ராத்திரி தூங்க விடாமல் அடித்தது.

பூவாளியோடு வீடு திரும்பியவர், வாசலில் நின்று துபாயில் இருக்கும் மகள் மரிவிக்கை போனில் பிடித்தார். அம்மாவின் பிறந்தநாள் வருகிறதே என்று அவளும் பரிசு தேடிக்கொண்டுதான் இருந்தாள்.

"அப்பா, நெட்ல பாத்தேன். தோட்டப் பிரியர்களுக்கு உபயோகமான பரிசுன்னு வரிசையாப் போட்டிருக்கான். கையுறையும் முழங்காலுக்கு மெத்தையும் பெட்டியில போட்டு அனுப்பிட்டேன்."

"முழங்கால் போட்டாத்தானேடி மெத்தை?"

"அப்போ இது எப்படி? செடிக்குச் செடி நட்டு வைக்கறதுக்குக் குட்டிக் குட்டிப் பலகை. செடி பேரு, எங்க வாங்கினது, எப்ப வாங்கினது, எல்லாம் அதுல எழுதி வைக்கலாம்."

லியோன்சியோ சிரித்துவிட்டார். மாதக்கணக்கில் வராத சிரிப்பு. "எங்க வாங்கினதுன்னா? உங்கம்மா அத எழுதி வச்சா போலீஸ் வந்துரும்டி!"

சிரித்த வாய் அப்படியே நின்றது. போனைக் காதில் வைத்தபடியே தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். உண்மைதானே. இதில் எது வாங்கியது?

கேட்டு வாங்கிய செடி வாடும், காசு கொடுத்து வாங்கிய செடி அழுகும், திருடி வந்த செடிதான் தழைக்கும். அந்தத் தெருவில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சிலுவை போட்டுக்கொண்டு இதைச் சொல்வாள். மற்றவர்கள் எப்போதாவது ஒரு நுனியைக் கிள்ளுவார்கள். பெலிசா அதை ஒரு விரதமாகவே செய்துவந்தாள். வாசலில் நெருப்பாய் நிற்கும் குரோட்டன்கள் நகராட்சிப் பூங்காவிலிருந்து வந்தவை. பெகோனியா பாதிரியார் வீட்டு மதிலுக்கு உள்பக்கத்தது. பெரணி, பல் பிடுங்கப் போன இடத்தில் கிடைத்தது. வாயில் பஞ்சோடு அதைக் கிள்ளி வந்தாள். பாகியோ மலைக்குச் சுற்றுலா போனபோது எல்லோரும் ஸ்ட்ராபெரி வாங்கி வந்தார்கள். இவள் ஈரக் கைக்குட்டையில் சுற்றி, கைப்பைக்குள் ஜெரேனியம் கொண்டுவந்தாள். கிள்ளுவதற்கு முன் அந்த மண்ணில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் கிழவரிடம் "கொஞ்சம் ஒதுங்குங்க சாமி" என்று மறக்காமல் அனுமதி கேட்பாள். செடிக்குச் சொந்தக்காரரிடம் மட்டும் கேட்க மாட்டாள்.

அதிலும் ஒரு தருமம் வைத்திருந்தாள். "வேரோட புடுங்கினா அது திருட்டு. நுனியக் கிள்ளினா அது ஆசை." அவள் வாசலில் யாராவது நுனி கிள்ளினால் ஜன்னலுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி இருப்பாள். இவ்வளவு பெரிய தோட்டத்துக்கும் அவளுடைய ஆயுதம் ஒரு வளைந்த சோற்றுக் கரண்டிதான். தொட்டிகள் எல்லாம் பால் டின், பெயிண்ட் டப்பா, ஓட்டை விழுந்த சட்டி.

லியோன்சியோ நெற்றியில் அடித்துக்கொண்டார். பூவாளியும் கத்தரியும் தோட்டக்காரிக்கு உபயோகப்படும். திருடிக்கு உபயோகப்படுவது ஒன்றே ஒன்று: பூட்டாத கதவு.

அந்தத் தெருவில் பெலிசா ஆசைப்பட்டும் அவள் கைக்குத் தப்பிய செடி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அடுத்த வீட்டு கோர்தியாவின் மெழுகுப்பூக் கொடி. தடித்த இலை, மெழுகில் வார்த்த மாதிரி இளஞ்சிவப்பு நட்சத்திரங்கள், சாயங்காலம் ஆனால் தெருவே மணக்கும். அதை வராந்தாவின் இரும்புக் கிராதிக்கு உள்ளே, கை எட்டாத உயரத்தில் தொங்கவிட்டிருந்தாள் கோர்தியா. விதவை, தனிக்கட்டை, துணைக்கு ஒரு நாய். மரிவிக்குக்கு அவள்தான் ஞானத்தாய். அதனால் இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் "மாரே" என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். லியோன்சியோ அவளுக்குக் "கும்பாரே".

பூவாளியைக்கூட உள்ளே வைக்காமல் அவர் நேரே கோர்தியா வீட்டுக்குப் போனார். நாய் அவரைப் பார்த்துக் குரைத்தது. இலை விழுந்தாலும் குரைக்கிற ஜாதி அது.

"என்ன கும்பாரே, மூஞ்சி வேர்த்திருக்கு? மாரேக்கு ஏதாவது...?"

"இல்ல இல்ல. நல்லாத்தான் இருக்கா. டீவி பாத்துக்கிட்டிருக்கா."

"டீவி பாக்கறாளா? அப்போ நல்லால்லன்னு சொல்லுங்க."

லியோன்சியோ நாயை மீறிக் குரலை உயர்த்தி விஷயத்தைச் சொன்னார். டாக்டர் சொன்னது, அவள் சொன்னது, அலமாரியில் போய் உட்கார்ந்த பரிசுகள், எல்லாம் சொன்னார். கடைசியில், "அவளுக்குப் பொறந்தநாள் வருது. நீங்க எதுவும் குடுக்க வேண்டாம். ஒரு நாள் மத்தியானம் அந்தக் கொடிய எட்டற மாதிரி வச்சிட்டு, தூங்கற மாதிரி இருந்தீங்கன்னா போதும். அவ வந்து திருடிக்கிட்டுப் போயிருவா" என்றார்.

கோர்தியா அவரையே பார்த்தாள். நாய்கூட ஒரு கணம் நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"கும்பாரே, உங்க மூளை எந்த கியர்ல ஓடுது? ரிவர்ஸ்லயா?"

"ஏன்?"

"வீட்டுக்காரிகிட்டயே வந்து, உன் வீட்ல திருடிக்கட்டுமான்னு கேக்கறீங்களே, அதுக்குப் பேரு திருட்டா? நான் சரின்னு தலையாட்டினா அந்த நிமிஷமே அது தானமாயிரும். தானமாப் போன கொடி பொழைக்குமா? அழுகிப் போகும். இந்த நிலைமையில இருக்கறவ கண்ணு முன்னால அது அழுகினா அவ என்னாவா? யோசிச்சீங்களா?"

லியோன்சியோ யோசிக்கவில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று என்பது இப்போதுதான் உறைத்தது. கேட்கக் கூடாததைக் கேட்டு, இருந்த ஒரே வழியையும் அவரே அடைத்துவிட்டார். பூவாளியைக் கையில் பிடித்துக்கொண்டு, மணி அடித்த பிறகு பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளை மாதிரி நின்றார்.

கோர்தியாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "அவ கண்ணு அந்தக் கொடி மேலதான்னு எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு தடவ பூக்கறப்பவும், ஒரு நுனிய வெட்டிக் குடுத்துரலாமான்னு கை துடிக்கும். குடுத்தா பட்டுப்போகுமேன்னு தான் குடுக்காம வச்சிருக்கேன். இத்தனை வருஷமா அவளுக்காகத்தான் பூட்டி வச்சிருக்கேன், தெரியுமா?"

"தெரியாது" என்றார் லியோன்சியோ. 

"தெரிய வேண்டாம். நீங்க இங்க வரவே இல்ல. நான் எதையும் கேக்கவும் இல்ல. இது என் கொடி, ஒரு இலைகூடத் தர மாட்டேன். போங்க வீட்டுக்கு!" என்று அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

பிறந்தநாளன்று லியோன்சியோ தன் கையாலேயே பான்சித் கிண்டினார். ஆயுள் நீள வேண்டும் என்று நூடுல்ஸை ஒடிக்காமல் போட்டதில் அது ஒரே சிக்கலாகிவிட்டது. துபாய்ப் பெட்டியும் சரியாக அன்றைக்கே வந்தது. பெலிசா கையுறையைப் போட்டுப் பார்த்தாள், மெத்தையைத் தடவிப் பார்த்தாள், பூவாளியை "ரொம்ப அழகு" என்றாள். எல்லாம் அலமாரிக்குப் போயின. லியோன்சியோ அலமாரிக் கதவைச் சாத்தும்போது, இதற்குள் என்னையும் வைத்துப் பூட்டினால் தேவலை என்று நினைத்தார்.

அப்போதுதான் கோர்தியா வந்தாள். கோயிலுக்குப் போகிற உடுப்பு, கையில் தேங்காய் தூவிய அரிசிப் பணியாரம். பெலிசாவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுவிட்டு, சட்டியிலிருந்த பான்சித்தைத் தின்று முடித்து, நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டி, திருப்தியாக ஒரு பெருமூச்சு விட்டாள்.

"மாரே, உன் புண்ணியத்துல நம்ம தெரு இப்ப எவ்ளோ நிம்மதியா இருக்கு தெரியுமா?"

"என் புண்ணியத்துலயா?"

"ஆமா. அந்த மெழுகுப்பூவ நான் கிராதிக்கு வெளிய எடுத்துத் தொங்கவிட்டுட்டேன். நல்லா வெயில் படுது. முன்னயெல்லாம் ஒரு பயம் இருந்துச்சு. இப்ப யாரு வரப் போறா?"

பெலிசா பணியாரத்தை வாயருகே நிறுத்தினாள். "ஏன், தெருவுல வேற யாரும் கிள்ள மாட்டாங்களா?"

"யாருக்கு அந்தக் கை வரும்? ஒருத்தி இருந்தா. கெட்டிக்காரி. கிள்ளினது கிள்ளின செடிக்கே தெரியாது." கோர்தியா டீவியைத் திரும்பிப் பார்த்தாள். "பாவம், இப்ப நாடகம் பாக்கறா. இந்த மாமியா இன்னுமா சாகல?"

லியோன்சியோவுக்குச் சுருக்கென்றது. பிறந்தநாளும் அதுவுமாக, வீடு தேடி வந்து இப்படியா? எழுந்து நாலு வார்த்தை கேட்கத்தான் போனார். அப்போது கோர்தியாவின் கை கண்ணில் பட்டது. மேஜைக்கு அடியில் அந்தக் கை கைக்குட்டையை முறுக்கு முறுக்கென்று முறுக்கிக்கொண்டிருந்தது. விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. அவர் மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்.

"நாமளும் கிழவியாயிட்டோம் மாரே. ஒத்துக்கத்தான் வேணும்."

"நாமளா? நீ என்னவிட ரெண்டு வருஷம் மூத்தவ!"

"வயசுலதான் மூத்தவ. காலுல நான் இளையவ" என்று சொல்லிவிட்டு, வேண்டுமென்றே டக் டக்கென்று குதிகாலை ஊன்றி நடந்து வெளியேறினாள் கோர்தியா.

பெலிசாவின் முகம் அவள் வாசல் குரோட்டனைவிடச் சிவந்திருந்தது.

"கேட்டியா லியோன், அவ பேசினத?"

"கேட்டேன்."

"சட்டியில ஒரு நூலுகூட மிச்சம் வைக்காம என் பான்சித்தத் தின்னுட்டு, என் வீட்ல உக்காந்து என்ன வாய் பேசறா!"

"விடு பெலி. பொறந்தநாளும் அதுவுமா..."

"விடறதா? நானா?"

மறுநாள் காலையில் மாமியார் மூன்றாவது தடவையாகச் சாகக் கிடந்தபோது பெலிசா டீவியை அணைத்தாள். "அந்த வாக்கர் எங்க?" என்றாள். லியோன்சியோ கொல்லைக்கு ஓடினார். ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கரில் அவருடைய பனியன்கள் காய்ந்துகொண்டிருந்தன.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்தது சாதாரண வேலை இல்லை. நாற்காலியிலிருந்து அலமாரி வரை போவதற்குள் பெலிசாவுக்கு வேர்த்து ஊற்றியது. பிடிக்கப் போன புருஷனை "தொடாத, தொட்டா கடிச்சிருவேன்" என்றாள். வலியில் அவள் திட்டிய திட்டுகளை எழுத முடியாது. அவற்றில் பாதி கோர்தியாவுக்கு, மீதி லியோன்சியோவுக்கு. அவர் அதையெல்லாம் பாட்டுக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று படிகளிலும் இறங்கிய அன்று வாசலில் நின்று தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். "யோவ், என்னய்யா பண்ணி வச்சிருக்க? பெரணிக்கு இவ்ளோ தண்ணி யாரு ஊத்தச் சொன்னா?" என்றாள். குறை சொல்லிவிட்டாள்! லியோன்சியோ உள்ளே போய், காபி போடுகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அலமாரி திறந்தது. பெலிசா ஒவ்வொரு பரிசையும் எடுத்து வைத்துக்கொண்டு படைத்தலைவன் மாதிரி யோசித்தாள். கத்தரி வேண்டும், நகத்தால் கிள்ளினால் அந்தத் தடித்த தண்டு நசுங்கும். கையுறை வேண்டும், கிராதியில் துரு. சக்கர முக்காலியை லியோன்சியோ பின்னாலேயே உருட்டி வர வேண்டும். பாதி வழியில் உட்கார வேண்டியிருக்கும். வாக்கர் தரையில் டொக் டொக்கென்று சத்தம் போட்டது. அதற்கும் வழி கண்டுபிடித்தாள். மகள் அனுப்பிய முழங்கால் மெத்தையை நாலாக வெட்டி, வாக்கரின் நாலு காலுக்கும் கட்டினாள்.

மதியச் சோறு முடிந்து தெருவே தூங்குகிற நேரத்தைத் தேர்ந்தெடுத்தாள். வெயில் கொளுத்தியது. கோழிகூட நிழலில் கிடந்தது. மெத்தை கட்டிய வாக்கர் முன்னால், அதைப் பிடித்தபடி பெலிசா, பின்னால் முக்காலியை உருட்டிக்கொண்டு லியோன்சியோ. யாராவது பார்த்திருந்தால் ஏதோ வேண்டுதல் ஊர்வலம் என்று நினைத்திருப்பார்கள். அடுத்த வீடுதான். ஆனாலும் வழியில் இரண்டு தடவை உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. "திரும்பிரலாமா?" என்று அவர் கேட்டபோது வாக்கரை இன்னும் ஒரு அடி முன்னால் நகர்த்தினாள்.

கொடி கிராதிக்கு வெளியே தொங்கியது. அதுவும், கையை லேசாக உயர்த்தினால் தொடுகிற இடத்தில். லியோன்சியோவுக்குச் சந்தேகம் வந்து சமையலறை ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடிப் பட்டைகளுக்குப் பின்னால், கோர்தியா நாயை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால் அதன் வாயைப் பொத்தியிருந்தாள். நாயின் கண் பிதுங்கியது. லியோன்சியோ சட்டென்று வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

பெலிசா "கொஞ்சம் ஒதுங்குங்க சாமி" என்று முணுமுணுத்தாள். பிறகு வாக்கரை விட்டாள். ஒரு கையை அல்ல, இரண்டு கையையும். ஒரு கையால் நுனியை வளைத்து, மறு கையால் கணுவுக்குக் கீழே சாய்வாக நறுக்கி, ஈரக் கைக்குட்டையில் சுற்றி மார்புக்குள் செருகினாள். அத்தனை நேரமும் தன் காலில் தானே நின்றாள். லியோன்சியோ முக்காலியைப் பிடித்துக்கொண்டு மூச்சே விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வளைந்த கரண்டியால் மண்ணைக் கிளறி, பால் டின்னில் அதை நட்டாள். நட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்திலிருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"லியோன். அவ நாய் குரைக்கல."

அவர் பூவாளியில் தண்ணீர் பிடிப்பதில் மும்முரமானார்.

"கொடி என் கைக்கு அளவெடுத்த மாதிரி தொங்குச்சு. நீ அவகிட்ட ஏதாவது சொன்னியா?"

பொய் சொல்ல வாய் திறந்தார். வரவில்லை. "சொன்னேன். ஆனா அவ மாட்டேன்னுட்டா. ஒரு இலைகூடத் தர மாட்டேன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவச் சாத்திட்டா. மரிவிக் மேல சத்தியம்."

"வாயால மாட்டேன்னா என்ன? மனசறிஞ்சு விட்டிருக்கா." பெலிசா முக்காலியில் உட்கார்ந்தாள். தோள் தொங்கியது. "அப்போ இது குடுத்ததுதான். பொழைக்காது. எனக்கு நடக்கத் தெம்பில்லன்னு எல்லாருமா சேந்து பாவம் பாத்திருக்கீங்க."

லியோன்சியோவுக்கு உலகமே இருண்டது. மறுபடியும் அந்த நாற்காலி, அந்த டீவி, அந்த மரியாதை. பூவாளியோடு நின்றார்.

அந்த நேரத்தில்தான் தெருவில் இடி விழுந்தது.

"ஐயோ! ஐயையோ! என் கொடி போச்சே! எவடி அவ? வெளிய வாடி!"

கோர்தியா நடுத் தெருவில் நின்றுகொண்டிருந்தாள். தலையை விரித்துப் போட்டு, மார்பில் அடித்துக்கொண்டு, எட்டுத் திசைக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள். ஜன்னல்கள் திறந்தன. மதியத் தூக்கம் கலைந்தவர்கள் பனியனோடு எட்டிப் பார்த்தார்கள்.

"நான் குடுத்தேனா? என் உசுரு இருக்கற வரைக்கும் ஒருத்திக்காவது குடுத்தேனா? கேட்டுக்கூட ஆள் வந்துச்சு, குடுக்க மாட்டேன்னுட்டேன்! இது திருட்டு! பட்டப்பகல் திருட்டு! எடுத்தவ வீட்ல கோழி முட்டை போடாது! எடுத்தவ அரிசியில வண்டு விழும்! எடுத்தவ காலு..."

அங்கே நின்றுவிட்டது. தெரு முழுக்கக் காத்திருந்தது. வாசலில் பெலிசாவின் கை பால் டின்னின் விளிம்பில் அப்படியே இருந்தது.

கோர்தியாவின் குரல் மறுபடியும் வந்தபோது உடைந்திருந்தது. "எடுத்தவ காலு நூறு வருஷம் நல்லா இருக்கட்டும்! நாளைக்கும் வரட்டும் அவ! வந்து பாக்கட்டும்! நான் யாருன்னு காட்டறேன்!"

அடக்கி வைத்த குரைப்பையெல்லாம் சேர்த்து நாய் குரைக்க ஆரம்பித்தது.

பெலிசா அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். மூக்கை ஜப்பான் கத்தரி பிடித்த கையுறையாலேயே துடைத்துக்கொண்டாள். லியோன்சியோவின் கையிலிருந்து பூவாளியைப் பிடுங்கி, கொடிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

"திருட்டுதான்" என்றாள். "ஊரே சாட்சி."

"ஊரே சாட்சி" என்றார் லியோன்சியோ.

பெலிசா வாக்கரைப் பிடித்து எழுந்து நின்று, அடுத்த வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"நாளைக்கு அவ மஞ்ச ரோஜாவ எடுக்கணும் லியோன். அது கொல்லைப்பக்கம் இருக்கு. சுத்திக்கிட்டுதான் நடக்கணும், சீக்கிரமாச் சாப்பிட்டுருவோம்."